ஒரு கோப்ளினுக்கு 50: ஐந்து வருட எக்ஸ்பி கணக்கு

என்னிடம் ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கிறது. முன்பக்கம் முழுக்க வரைபடங்கள், ஊர்ப் பெயர்கள், எந்த வியாபாரி யாரை ஏமாற்றினான் என்ற குறிப்புகள். பின்பக்கத்திலிருந்து திருப்பினால் வெறும் கூட்டலும் வகுத்தலும்தான். ஐந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன். ஆளுக்கொரு பாத்திரமாக நடித்து, கதைக்குள் சாகசம் செய்யும் மேஜை ஆட்டம்; கதையை நடத்துபவன் நான். ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகங்கள். கதை சொல்வது, குரல் மாற்றிப் பேசுவது பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் அந்தப் பின்பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். எக்ஸ்பி என்பது அனுபவப் புள்ளி; அது சேரச் சேரப் பாத்திரத்தின் லெவல் ஏறும். அதை நான்கு விதமாகக் கொடுத்துப் பார்த்தாயிற்று.

முதலில் புத்தகத்தில் இருந்தபடியே. தோற்கடிக்கும் ஒவ்வொரு அரக்க ஜாதிக்கும் ஓர் எண்: குட்டி கோப்ளினுக்கு 50, ஓர்க்குக்கு 100, பெரிய ஓகருக்கு 450. எல்லாவற்றையும் கூட்டி, ஆட்டத்தில் இருப்பவர்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 300 சேர்ந்தால் இரண்டாம் லெவல், 900 வந்தால் மூன்று, 2,700-க்கு நான்கு, 6,500-க்கு ஐந்து. இதில் தப்பு பண்ண என்ன இருக்கிறது என்று தோன்றும். நான் முதல் நாளே பண்ணினேன். சண்டை எவ்வளவு கடினமாக இருக்கும் என்று பார்க்க ஒரு பெருக்கல் உண்டு. எதிரிகள் மூன்று முதல் ஆறு வரை இருந்தால் இரண்டால் பெருக்க வேண்டும். அது கடினத்தை அளப்பதற்கு மட்டும், கொடுக்கும் எக்ஸ்பிக்குக் கிடையாது. நான் நான்கு கோப்ளின்களுக்கு 400 போட்டு ஆளுக்கு நூறு கொடுத்துவிட்டேன். மூன்றாவது வாரம், எங்கள் மந்திரவாதியாக ஆடுபவர் (நிஜத்தில் கணக்குத் தணிக்கை செய்பவர்) புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "டபுளா குடுத்துக்கிட்டிருக்கீங்க சார்" என்றார். கொடுத்ததைத் திருப்பியா வாங்க முடியும்? விட்டுவிட்டேன்.

அதைவிடப் பெரிய சிக்கல் அடுத்த மாதம் வந்தது. ஒரு குகைச் சண்டையில் கடைசி இரண்டு கோப்ளின்கள் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தூக்கின. மேஜை அமைதியானது. எங்கள் திருடன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்: "விட்டுட்டா பாயிண்ட் உண்டா?" விதிப்படி உண்டு. எதிரியைக் கொன்றாலும் துரத்தினாலும் பிடித்துக் கட்டினாலும் ஜெயித்ததாகத்தான் அர்த்தம். அதையே சொன்னேன். சரி என்று கேட்டுக்கொண்டார்கள், ஆனால் நம்பவில்லை. நோட்டில் கோப்ளின் என்று எழுதி எதிரில் 50 என்று போடும்வரை, அந்தக் கோப்ளின் அவர்களுக்கு 50 பாயிண்ட்தான். அப்பாவோ அம்மாவோ இருக்கும் ஒரு ஜீவன் இல்லை.

நடுவில் ஆறு மாதம் நன்றாக நடிப்பவர்களுக்குத் தனி எக்ஸ்பி கொடுத்தேன். இதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. வாய் உள்ளவர்கள் வளர்ந்தார்கள், கூச்ச சுபாவம் உள்ள ஒரு பெண் பின்தங்கினார், நான் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். கூடவே, வராதவர்களுக்கு எக்ஸ்பி இல்லை என்றும் ஒரு விதி வைத்திருந்தேன். நைட் ஷிஃப்ட் வேலையில் இருந்த நண்பர் பாதி ஞாயிறுகள் வர முடியாமல், மற்றவர்கள் ஐந்தாம் லெவலில் இருக்கும்போது மூன்றிலேயே நின்றார். ஐந்தாம் லெவலில்தான் வீரன் ஒரே முறையில் இரண்டு தடவை வெட்டுவான், மந்திரவாதிக்கு நெருப்புக்கோளம் கிடைக்கும். பக்கத்தில் மூன்றாம் லெவல்காரர் நின்றால் கல்யாண வீட்டில் பந்தி முடிந்தபின் வந்தவர் மாதிரிதான். அவர் ஒன்றும் சொல்லவில்லை, வருவதைக் குறைத்துக்கொண்டார். அந்த இரண்டு விதிகளையும் கிழித்துப் போட எனக்கு அதுவே போதும்.

அப்புறம்தான் பழைய முறைக்குப் போனேன். இந்த ஆட்டத்தை கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் வெளியிட்ட காலத்திலிருந்தே, கொண்டுவரும் தங்கத்துக்கு எக்ஸ்பி உண்டு. ஒரு பொற்காசுக்கு ஒரு பாயிண்ட். 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பு அதை விருப்பமிருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்று ஓரமாக ஒதுக்கியது. நாங்கள் எடுத்தது இதே ஆட்டத்தின் 1981 பேசிக் விதிகள். அதில் ஆளுக்கு ஆள் அட்டவணையே வேறு: திருடன் 1,200-ல் இரண்டாம் லெவலுக்குப் போய்விடுவான், மந்திரவாதிக்கு 2,500 வேண்டும். கோப்ளினைக் கொன்றால் வெறும் ஐந்து பாயிண்ட். 500 காசு பெறுமான ஒரு ரத்தினத்தை அலுங்காமல் வெளியே கொண்டுவந்தால் 500.

இரண்டே வாரத்தில் அதே ஆட்கள் வேறு ஆட்களாகிவிட்டார்கள். கதவைத் திறக்கும் முன் காது வைத்துக் கேட்டார்கள். தூங்குகிற ஓகரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சண்டை வந்தால் முகத்தைச் சுளித்தார்கள், ரத்தம் போவதுதான் மிச்சம் என்று. யார் எவ்வளவு எடை தூக்கலாம் என்ற பாரக் கணக்கும் உயிர்பெற்றது. பத்துக் காசு ஒரு பவுண்டு எடை, நூறு செப்புக்காசு சேர்ந்தால்தான் ஒரு பொற்காசு. செப்பை எல்லாம் கொட்டிவிட்டு வெள்ளியை அள்ளுங்கள் என்று திருடன் கத்தியதை மறக்க முடியாது. ஒரு ஞாயிறு மதியம் முழுவதும், கயிறும் ஒரு கோவேறு கழுதையும் வைத்து வெண்கலச் சிலை ஒன்றைப் படிக்கட்டில் ஏற்றினோம். ஒரு வாள்கூட உருவப்படவில்லை. இத்தனை வருடத்தில் நான் நடத்தியதில் அதுதான் சிறந்த ஆட்டம் என்பேன்.

குறை இல்லாமல் இல்லை. பஞ்சத்தில் இருந்த ஒரு கிராமத்துப் பாட்டி உதவி கேட்டபோது, நம்ம வீரன் முதல் வார்த்தையாகக் கூலி எவ்வளவு என்றான். அவனைத் திட்டவும் முடியாது. நான் எதற்குப் பாயிண்ட் கொடுக்கிறேனோ அதைத்தானே செய்கிறான்.

திரும்ப ஐந்தாம் பதிப்பு. இந்த முறை மைல்ஸ்டோன். கதையில் ஒரு கட்டம் முடிந்தால் எல்லாருக்கும் ஒரு லெவல். கணக்கே வேண்டாம், வராதவரும் பின்தங்க மாட்டார். முதல் ஆறு மாதம் நிம்மதி. அதுவும் 2014 அட்டவணையில் பத்திலிருந்து பதினொன்றுக்கு 21,000 வேண்டும், பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கு 15,000 போதும் என்ற மாதிரி கோணல்கள் இருக்கும்போது, கணக்கைத் தூக்கிப் போடுவது சுகம்தான். ஆனால் மெல்ல ஒரு மந்தம் வந்தது. அவர்களாக எதையும் தொடங்குவதில்லை. வழியில் ஒரு பாழடைந்த கோபுரத்தைக் காட்டினால், "இது மெயின் கதையா, சும்மாவா?" என்று என் முகத்தைப் பார்த்தார்கள். லெவல் என் சட்டைப்பையில் இருந்தது. அது எப்போது வெளியே வரும் என்று காத்திருப்பதே ஆட்டமாகிவிட்டது.

கடந்த ஒன்றரை வருடமாக நடப்பது ஒட்டுப்போட்ட முறை. இதே மாதிரி இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பில் (2019) எந்த லெவலிலும் அடுத்ததற்கு 1,000 போதும். சின்னச் சாதனைக்கு ஆளுக்கு 10, நடுத்தரத்துக்கு 30, பெரியதற்கு 80. வகுக்க வேண்டியதே இல்லை. அதை அப்படியே எடுத்து ஐந்தாம் பதிப்பின் மேல் வைத்திருக்கிறேன். மாற்றியது இரண்டு மட்டும். வந்தாலும் வராவிட்டாலும் எல்லாருக்கும் ஒரே எண். ஒவ்வொரு ஆட்டத்தின் தொடக்கத்திலும் இந்தக் குழு எதைச் சாதிக்கப் பார்க்கிறது என்று அவர்களே ஒரு அட்டையில் எழுதி மேஜை நடுவில் வைப்பார்கள். எக்ஸ்பி பெரும்பாலும் அந்த அட்டைக்குத்தான். நைட் ஷிஃப்ட் நண்பர் இப்போது வீடியோ காலில் வந்தாவது அட்டையில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார்.

போன வாரம் அட்டையில் "பாலத்து ஓகரை அகற்றுவது" என்று இருந்தது. அந்தக் கூச்ச சுபாவப் பெண்தான் யோசனை சொன்னார்: மாதம் இரண்டு ஆடு என்று அதனுடன் ஒப்பந்தம் போடுவது. போட்டார்கள். ஓகர் பாலத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறது, இப்போது சுங்கம் வேறு வசூலிக்கிறது. இது 30-ஆ, 80-ஆ, அகற்றியதாகவே ஆகாதா என்று அரை மணி நேரம் விவாதம். தணிக்கைக்காரர் 30-க்கு மேல் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். நோட்டின் பின்பக்கத்தில் இப்போதைக்குப் பென்சிலால் 30 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.