பாட்டு எப்பக் கண்ணு போடுவாங்க? – டிவி பாட்டுப் போட்டி, நெடுநாள் அனுபவம்

2006இல் விஜய் டிவியில் சூப்பர் சிங்கர் ஆரம்பித்ததில் இருந்து பாட்டுப் போட்டி பார்க்காத வீடு நம் பக்கம் குறைவு. இப்போது சேனலுக்குச் சேனல் ஒன்று ஓடுகிறது. நடுவர்கள், மேடை, எலிமினேஷன் எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் எழுத வந்தது ஒன்றைப் பற்றி மட்டும்தான்: பிள்ளை பாடுவதற்கு முன்னால் ஓட்டுகிறார்களே, அந்தக் கஷ்டக் கதை வீடியோ.

அதற்கு முன் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். இசைக்குழு. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து, சாப்பாட்டுத் தட்டோடு உட்காரும் நேரத்தில் இளையராஜா பாட்டின் இரண்டாவது இடையிசையைப் புல்லாங்குழல்காரர் ஒரு பிசிறு இல்லாமல் ஊதினால் நாள் முழுக்கக் கேட்ட மெஷின் சத்தமெல்லாம் காதை விட்டுப் போய்விடும். தபலாக்காரர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார். தாளம் தப்பப் போகிறது என்று தெரிந்தால் ஒரு தட்டுத் தட்டி இழுத்து உள்ளே கொண்டுவந்துவிடுவார். இது எந்தக் காசுக்கும் கிடைக்காத பாடம். இவ்வளவு நாள் இந்த நிகழ்ச்சியை நான் விடாமல் பார்த்ததே அவர்களுக்காகத்தான். ஆனால் அவர்கள் பெயர் கடைசியில் ஓடுகிற வேகத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட முடியாது.

இனி வீடியோ. பிள்ளை மைக்கைப் பிடித்ததும் விளக்கு அணையும். வயலின் அழும். ஓட்டு வீடு, அம்மாவின் கை, அப்பா சைக்கிள் தள்ளிக்கொண்டு போகிற முதுகு. முடிந்ததும் கேமரா நேராக நடுவர் கண்ணுக்குப் போகும், அங்கிருந்து தொகுப்பாளர் கண்ணுக்கு, பிறகு தன் புதுப் படத்துக்கு விளம்பரம் தேடி வந்திருக்கிற நடிகர் கண்ணுக்கு. மேசை மேல் இருக்கும் தண்ணீர் டம்ளரைக் கவனித்துப் பாருங்கள். ஒரு ஷாட்டில் பாதி இருக்கும், அடுத்த ஷாட்டில் நிறைந்திருக்கும், மறுபடி பாதியாகும். எப்போதோ அழுததை எங்கேயோ ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் ஆத்தாள் கட்டிலில் சாய்ந்தபடி கேட்பார்: "பாட்டு எப்பக் கண்ணு போடுவாங்க?" பாட்டு வரும். பல்லவி போகும், பாதிச் சரணம் போகும், விளம்பரம் வந்துவிடும். கொடுமுடி சுந்தராம்பாள் பாடிக் கேட்ட காது அது. பாட்டைப் பாதியில் நிறுத்தினால் ஆத்தாளுக்குக் கோபம் வருவது நியாயம்தான்.

நியாயமாகப் பார்த்தால் வறுமையைச் சொல்வது தப்பில்லை. கூலி வேலைக்காரர் வீட்டுப் பிள்ளை மேடையேறுவதைப் பார்த்து இன்னொரு வீட்டில் தைரியம் பிறக்கும். 2017இல் தமிழுக்கு பிக் பாஸ் வந்தது. அங்கே சண்டையும் அழுகையும்தான் சரக்கு, பிடிக்காதவர்கள் பார்க்க மாட்டார்கள். பாட்டுப் போட்டி அப்படி இல்லை. பாட்டு என்று போர்டு மாட்டிவிட்டு உள்ளே அழுகையை விற்கிறார்கள். எனக்கு ஆறவே மாட்டேன் என்கிற இடம் அதுதான்.

எங்கள் லைன் வீட்டில் இருந்து ஒரு பெண் பிள்ளை அப்படியொரு நிகழ்ச்சிக்குப் போனது. எந்தச் சேனல் என்று சொல்லப் போவதில்லை. வீட்டைப் படம் எடுக்க வந்தார்கள். பிரிட்ஜைப் போர்வை போட்டு மூடச் சொன்னார்கள். தவணை கட்டி முடித்து ஆசையாக வாங்கிய பிரிட்ஜ். பிள்ளையின் அம்மா நல்ல சேலை கட்டியிருந்தார், மாற்றிவிட்டு வரச் சொன்னார்கள். அவர் வீட்டுக்காரர் பனியன் தைக்கும் பவர்டேபிள் டைலர், வாரச் சம்பளத்தில் மானமாகக் குடும்பம் நடத்துகிறவர். டிவியில் அவர் கடனில் மூழ்கித் தவிக்கிறவராக வந்தார். பிள்ளை பாடிய பாட்டின் சரணம் ஒளிபரப்பில் இல்லவே இல்லை. அடுத்த வாரம் மளிகைக் கடைக்காரர், "பாக்கியக் கொஞ்சம் பாத்துக் குடுத்துருங்க" என்றாராம். பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைக்கு அழுவாச்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான்கு வருடம் பாட்டு கற்ற பிள்ளை.

இன்னொன்று, மாகாளியம்மன் கோயில் பொங்கலுக்குக் கச்சேரி பேசப் போனாலும் இப்போது "டிவியில வந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்றுதான் கமிட்டியில் முதல் கேள்வி. ஃப்ளெக்ஸில் டிவி முகம் ஆளுயரம். இந்தப் பக்கத்து மேடைகளில் விடிய விடியப் பாடி முடி நரைத்த மெல்லிசைக் குழுக்காரர்கள் அடியில் ஸ்டாம்ப் அளவில் இருப்பார்கள். கூட்டமும் டிவி முகம் செல்ஃபி கொடுத்துவிட்டுக் கிளம்பியதும் கலைந்துவிடும்.

அதே கோயில் வாசலில் வள்ளி கும்மி, அதாவது வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடும் கும்மி, நடந்தால் வேறு மாதிரி. ஒரே நிறச் சேலையில் பாட்டியும் பேத்தியும் சேர்ந்து சுற்றி வருவார்கள். தப்பாக அடி வைத்த பிள்ளையைப் பக்கத்தில் இருக்கும் அக்கா தோளைத் தொட்டுத் திருத்துவார். யாரையும் வெளியே அனுப்ப மாட்டார்கள். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பத்திரப்பன் ஐயா பெண்களையும் சேர்த்துக்கொண்டு இந்தக் கும்மியைக் கற்றுக்கொடுத்தவர். 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், கம்பெனியில் செக்கிங் பார்க்கும் அக்கா கேட்டதுதான்: "ஏனுங்க மாஸ்டர், கோயமுத்தூர்ல ஆடிஷனாமா. என்ற புள்ளயக் கூட்டிட்டுப் போலாமுங்களா?" பாட்டுக்காக என்றால் போங்க அக்கா. அந்த இசைக்குழுவோடு ஒரு தடவை பாடினாலே பிள்ளைக்கு ஆயுசுக்கும் மறக்காது. ஆனால் கையெழுத்துப் போடும் முன் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். 2017இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி 14 வயது நிரம்பாத பிள்ளையை நிகழ்ச்சியில் சேர்க்கிறவர்கள் கலெக்டரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஓய்வு கொடுக்காமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பிள்ளைக்கு வரும் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அதன் பெயரிலேயே தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் டெபாசிட் போட வேண்டும். பிள்ளைக்கு இஷ்டமில்லாத எதையும் செய்ய வைக்கக் கூடாது. வீட்டைப் படம் எடுக்க வேண்டும் என்று கேட்டால், பாடுவது மேடையில்தானே, அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுங்கள். அதற்காக வேண்டாம் என்று அனுப்பிவிட்டால் சந்தோஷமாக பஸ் ஏறி வந்துவிடுங்கள்.

மார்க் கேட்டால், இசைக்குழுவுக்குப் பத்துக்குப் பத்து. பாடும் பிள்ளைகளுக்கும் அப்படியே. மொத்த நிகழ்ச்சிக்கு இரண்டு. கூட்டிக் கழித்தால் ஆறு ஏழு வரும் என்று எனக்கும் தெரியும். தவணை கட்டி வாங்கிய பிரிட்ஜுக்குப் போர்வை போட வைத்தவர்களுக்கு அதற்கு மேல் ஒரு மார்க் போட எனக்கு மனசு வரவில்லை.