பதினைந்து வயதுக் கிண்டிலுக்குப் புதிய பேட்டரி

2010ஆம் ஆண்டு வெளிவந்த, கீழ்ப்பகுதியில் விசைப்பலகை கொண்ட கிண்டில் என்னும் அமேசான் மின்வாசிப்பானில்தான் என் தந்தை இன்றும் படிக்கிறார். அண்ணன் அமெரிக்காவிலிருந்து வரும்போது வாங்கி வந்த அந்தக் கருவியின் இரு ஓரங்களிலும் பக்கம் புரட்டும் பொத்தான்கள் உள்ளன. மூட்டுவலியால் விரல்கள் சரியாக மடங்காத அவருக்குத் தொடுதிரையைவிட அவையே தோதாக இருக்கின்றன. யூனிகோடு தமிழை அது ஒழுங்காகக் காட்டாது என்பதால், 6 அங்குலத் திரைக்கு ஏற்றபடி எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் கோப்புகளாகத் தமிழ் நூல்களை நான் மாற்றி ஏற்றித் தருகிறேன். இப்படிப் பழகிய கருவி, காலையில் முழுதாகச் சார்ஜ் ஏற்றினாலும் மறுநாள் மாலைக்குள் அணைந்துபோகத் தொடங்கியபோது, புதிது வாங்குவதற்கு முன் பேட்டரியை மட்டும் நானே மாற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

குறை பேட்டரியில்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். கிண்டிலில் உள்ள, இ-இங்க் எனப்படும் மின்மைத் திரை பக்கம் மாறும்போது மட்டுமே மின்சாரம் எடுக்கும். அப்படியும் சார்ஜ் விரைவாக இறங்கினால், வைஃபை எப்போதும் இயங்கிக்கொண்டிருப்பதோ, ஏதோ ஒரு கோப்பைத் தேடலுக்காக அட்டவணைப்படுத்த முடியாமல் கருவி ஓயாமல் திணறுவதோ காரணமாக இருக்கலாம். முகப்பில் பொருளற்ற சில எழுத்துகளைத் தட்டித் தேடினால், அட்டவணையில் சேராத கோப்புகள் எவை என்பதை இந்தக் கருவியே காட்டிவிடும். எங்கள் கருவியில் அப்படி எதுவும் இல்லை. வைஃபையை நிறுத்தியும், மின்விசையை 15 விநாடிகளுக்கு மேல் இழுத்துப் பிடித்து மறுதொடக்கம் செய்தும் மாற்றம் தெரியாததால், பேட்டரிதான் தேய்ந்துவிட்டது என்று தெளிந்தேன்.

சென்னை ரிச்சி தெருவில் இரண்டு கடைகளில் கேட்டும் கிடைக்காததால் இணையத்தில் வாங்கினேன். கருவியோடு வரும் பேட்டரியின் மீது 170-1032-01 என்ற எண்ணும், 3.7 வோல்ட், 1750 மில்லி ஆம்பியர் மணி என்ற அளவும் அச்சிடப்பட்டிருக்கும். தேடும்போது மாதிரிப் பெயரைவிட இந்த எண்ணே வழிகாட்டி. அசலைவிட அதிகக் கொள்ளளவு என்று விளம்பரம் செய்த ஒன்றை முதலில் வாங்கி ஏமாந்தேன். உறையைப் பிரித்ததும், மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது 2 வோல்ட்கூடக் காட்டவில்லை. லித்தியம் பேட்டரி அந்த அளவுக்கு வற்றிவிட்டால் உள்ளே கெட்டிருக்கக்கூடும்; அதைச் சார்ஜ் செய்து பார்ப்பது ஆபத்து. அப்படியே திருப்பி அனுப்பிவிட்டு, வேறொரு விற்பனையாளரிடம் 1,850 ரூபாய்க்கு வாங்கிய இரண்டாவது பேட்டரி 3.8 வோல்ட் காட்டியது. இந்த வேலையில் பணத்தையும் பாதுகாப்பையும் ஒருசேரக் காப்பாற்றிய கருவி அந்த மல்டிமீட்டர்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

பேட்டரி மாற்றும் வேலை அரைமணி நேரத்துக்குள் முடிந்தது. கருவியை அணைத்து, மேசையில் மடித்த பருத்தித் துண்டை விரித்து, திரை கீழே இருக்கும்படி கிடத்தினேன். திரைக்கு அடியில் மெல்லிய கண்ணாடித் தகடு இருப்பதால், முதுகுப்புறத்தில் கையை ஊன்றி அழுத்தவே கூடாது. பின்மூடியில் வெளித்தெரியும் ஸ்க்ரூ எதுவும் கிடையாது. உள்ளே சுற்றிலும் சிறு பிளாஸ்டிக் கொக்கிகள்தான் அதைப் பிடித்திருக்கின்றன. கிடார் மீட்டும் பிளாஸ்டிக் வில்லையைப் பக்கவாட்டு இடுக்கில் நுழைத்து மெல்ல நகர்த்தியபோது, முதல் கொக்கி 'டக்' என்று விட்டுக்கொடுத்த சத்தத்தில் எதையோ உடைத்துவிட்டோம் என்று கை அப்படியே நின்றுவிட்டது. உடையவில்லை, கழலும் சத்தமே அப்படித்தான். ஆனால் கடைசி மூலையில் அவசரப்பட்டதால் ஒரு கொக்கியின் நுனி உண்மையிலேயே முறிந்தது. இப்போது அந்த மூலையில் தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிகிறது. இரும்பு ஸ்க்ரூடிரைவரால் நெம்பியிருந்தால் விளிம்பு முழுவதும் வடுப்பட்டிருக்கும்.

மூடி கழன்றதும் பேட்டரி கண்ணெதிரே இருக்கிறது. பசை இல்லை, நாடா இல்லை. இரண்டு ஸ்க்ரூக்கள் மட்டுமே. அவற்றைக் கழற்றி, பேட்டரியை அதன் உலோகத் தொடுமுனைகளிலிருந்து விலக்கித் தூக்கினால் வந்துவிடுகிறது. பழுது பார்ப்பவரை மனத்தில் வைத்து வடிவமைத்த அந்த ஏற்பாட்டைக் கண்டு உள்ளபடியே மகிழ்ந்தேன். புதியது சற்று இறுக்கமாக இருந்தாலும் சரியாகப் பொருந்தியது. செம்மஞ்சள் விளக்கு பச்சையாகும் வரை சார்ஜ் ஏற்றி இயக்கியபோது, கடிகாரம் மட்டுமே பிசகியிருந்தது. நூல்களும், தந்தை நிறுத்தியிருந்த பக்கமும் அப்படியே இருந்தன.

வைஃபையை நிறுத்திவிட்டு, நாளொன்றுக்குச் சுமார் இரண்டு மணி நேரம் அவர் படித்ததில், முதல் சார்ஜ் 16 நாள்கள் தாங்கியது. நாளுக்கு அரைமணி நேரம் படித்தால் இரண்டு மாதம் வரை என்பதே இந்தக் கருவிக்கு அமேசான் 2011இல் சொன்ன கணக்கு. அதாவது ஏறக்குறைய 30 மணி நேரம். அந்த அளவை இந்தப் பேட்டரி எட்டிவிட்டது என்பதால் எனக்கு முழு நிறைவு. ஓராண்டுக்குப் பின்னும் இப்படியே தாங்குமா என்பதை இப்போதே சொல்வது நேர்மையாகாது.

இதைப் படித்துவிட்டு எல்லா மின்வாசிப்பான்களையும் திறந்துவிட வேண்டாம். 2012இல் வந்த, பேப்பர்ஒயிட் என்ற கிண்டில் வகையின் முதல் மாதிரியில், திரையைச் சுற்றியுள்ள சட்டம் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. அதைப் பெயர்த்த பிறகுதான் ஸ்க்ரூக்களே தெரியும். 2018 முதல் வந்த நீர்புகாப் பேப்பர்ஒயிட்டைத் திறந்தால், அந்த நீர்காப்பு பழையபடி இருக்கும் என்று நம்ப முடியாது. முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவர்கள் அவற்றில் கைவைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. விசைப்பலகைக் கிண்டில் வைத்திருப்பவர்கள் தயங்க வேண்டியதில்லை.

கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. அதன் முனைகளில் மின்காப்பு நாடாவை ஒட்டி, எங்கள் பகுதிக்கு மின்கழிவு சேகரிக்க வந்தவரிடம் தனியாகக் கொடுத்தேன்.