தலைக்கு 2,999 ரூபாய்க்கு தீம் பார்க் பேக்கேஜ்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

காலாண்டு விடுமுறை வரப்போகிறது. நேற்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பெரிய ராட்டினம், தண்ணீரில் நனைந்து சிரிக்கும் ஒரு குடும்பம், கீழே மஞ்சள் எழுத்தில் ‘பெங்களூர் தீம் பார்க், 2 நாள் 1 இரவு, ரூம், சாப்பாடு, நுழைவு டிக்கெட் எல்லாம் சேர்த்து தலைக்கு 2,999 மட்டுமே’. கடந்த மே மாதம் இதே படத்தை நம்பித்தான் நாங்கள் 14,995 ரூபாய் கட்டினோம். இப்போது ஏஜென்சியின் பெயரும் போன் நம்பரும் மட்டும் வேறு. பார்த்ததும் கை நடுங்கியது. இன்னொரு குடும்பம் அந்த வாசலில் போய் நிற்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் சேலம். நான், வீட்டுக்காரர், மாமியார், 10 வயது மகள், 6 வயது மகன். பிள்ளைகள் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது பெங்களூரை அடுத்த பிடதியில் இருக்கும் வொண்டர்லா தீம் பார்க். ஏப்ரலில் சீட்டுப் பணம் கைக்கு வந்தது. டிக்கெட், ரூம், வண்டி, சாப்பாடு என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டால் எங்கே போய் முடியுமோ என்று பயம். அந்த நேரத்தில் ‘எல்லாம் சேர்த்து’ என்ற இரண்டு வார்த்தை தந்த நிம்மதி கொஞ்சநஞ்சமில்லை.

போனில் பேசியவர் அவ்வளவு தன்மையாகப் பேசினார். “அக்கா, நீங்க பையை மட்டும் தூக்கிட்டு வாங்க, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்.” அட்வான்ஸ் 10,000 போதும், மீதியை லாட்ஜில் தரலாம் என்றார். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், சீசன் நேரம், டிக்கெட் போடணும், மீதியையும் அனுப்புங்கள் என்றார். ஜிபேயில் வந்த பெயர் ஏஜென்சியின் பெயரும் இல்லை, அவர் பெயரும் இல்லை. வீட்டுக்காரர் கேட்டதற்கு “அது எங்க அக்கவுண்டன்ட் நம்பர் சார்” என்றார். சரி என்று அனுப்பிவிட்டோம். முதல் நாள் இரவு 11 மணிக்கு டிக்கெட் பிடிஎஃப் வந்தது. தேதி சரி, ஐந்து பேர், கியூஆர் கோடும் இருந்தது. பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த வரியை நான் படிக்கவில்லை. எங்களைக் கவிழ்த்தது அந்த வரிதான்.

‘பார்க்குக்குப் பக்கத்திலேயே’ என்று சொன்ன லாட்ஜ் பெங்களூர் நகருக்கு நடுவே, மெஜஸ்டிக் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. அங்கிருந்து பிடதி மைசூர் சாலையில் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். ரிசப்ஷனில், 500 ரூபாய்தான் வந்திருக்கிறது, மீதி 1,700 கட்டினால்தான் சாவி என்றார்கள். போன் போட்டோம். “இப்ப கட்டிடுங்க அக்கா, சாயங்காலம் திருப்பி அனுப்பிடறேன்.” பிள்ளைகள் பையோடு நின்றுகொண்டிருந்தார்கள், கட்டினோம். ராத்திரி சாப்பாடு என்று எதுவும் வரவில்லை, வெளியே போய்ச் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை பிடதி. வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். அதனால் மாமியார் கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தை வண்டி நிறுத்தும் இடத்திலேயே சாப்பிட்டுவிட்டு வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தது. கவுன்டரில் இருந்த பெண் தமிழிலேயே பேசினார். திரையைப் பார்த்துவிட்டு, “அக்கா, இந்த மூணும் காலேஜ் ஸ்டூடன்ட் டிக்கெட். ஐடி கார்டு இருக்கா?” என்று கேட்டார். அந்த மூன்றில் ஒன்று என் மாமியாருக்கு. அவருக்கு 67 வயது.

மீதி இரண்டும் குழந்தை டிக்கெட். அங்கே குழந்தை டிக்கெட்டுக்கு வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். 85 சென்டிமீட்டருக்கு மேல் 140 வரை குழந்தை, அதற்கு மேல் போனால் பெரியவர் டிக்கெட். ஏஜென்ட் என்னிடம் வயதை மட்டும்தான் கேட்டிருந்தார். என் மகள் பெரிய ரைடில் ஏறுவதற்காகவே கதவு நிலையில் பென்சில் கோடு போட்டு அளந்துகொண்டிருந்தவள். 140-ஐத் தாண்டிய அன்று வீடு முழுக்க ஓடினாள். அளவுகோல் அருகில் நிற்கச் சொன்னார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள், 143. என் முகத்தைப் பார்த்தாள். “அம்மா, நான் கொஞ்சம் குனிஞ்சு நிக்கட்டுமா?” என்று காதோடு கேட்டாள். நான்கு மாதம் ஆகிறது, போன பணத்தைவிட அந்தக் கேள்விதான் இன்னும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

ஐந்தில் செல்லுபடியானது மகனுடைய டிக்கெட் ஒன்றுதான். ஏஜென்ட் முதலில் எடுக்கவில்லை, பிறகு போன் சுவிட்ச் ஆஃப். மாமியார், “நான் இப்படியே மரத்தடியில உக்காந்துக்கறேன் கண்ணு, நீங்க போயிட்டு வாங்க” என்றார். மே மாத வெயிலில் சாயங்காலம் வரை எப்படி விட்டுவிட்டுப் போவது? அவருடைய ஆதார் அட்டை என் பையில் இருந்ததால் முதியோர் சலுகையில் டிக்கெட் கிடைத்தது. எங்கள் மூவருக்கும் முழு விலை. ஆறாயிரத்துக்கும் மேல் கிரெடிட் கார்டில் தேய்த்தோம். பூங்கா ஊழியர்கள் மேல் ஒரு குறையும் சொல்லமாட்டேன், அவர்கள் விதிப்படிதான் நடந்தார்கள், பொறுமையாகவும் பேசினார்கள்.

ஊருக்கு வந்த பிறகுதான் இதன் சூட்சுமம் புரிந்தது. ஏஜென்ட் போலி டிக்கெட் தரவில்லை. இருப்பதிலேயே விலை குறைந்த பிரிவில் நிஜ டிக்கெட்டே எடுத்திருக்கிறார். ரூமுக்கும் நிஜமாகவே 500 ரூபாய் கட்டியிருக்கிறார். காவல் நிலையத்தில் சொன்னபோது, “டிக்கெட் அனுப்பியிருக்காரே, ரூமும் போட்டிருக்காரே” என்றுதான் முதல் கேள்வி வந்தது. முழுப் பொய்யாக இருந்தால் சட்டென்று மோசடி என்று சொல்லிவிடலாம். இது பாதி உண்மை. அந்தப் பாதியைக் காட்டியே தப்பித்துக்கொள்கிறார்கள்.

அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். நுழைவு டிக்கெட்டை மட்டும் யார் கையிலும் கொடுக்காதீர்கள். பூங்காவின் சொந்த இணையதளத்தில் நீங்களே எடுங்கள். அங்கே பிரிவு, தேதி, வரித் தொகை எல்லாம் கண்ணுக்கு நேராகத் தெரியும். வேறு யாராவது ஏற்கெனவே எடுத்துத் தந்திருந்தால், கியூஆர் கோடு இருக்கிறதே என்று விட்டுவிடாமல் ஒவ்வொரு பெயருக்கும் நேராக என்ன பிரிவு போட்டிருக்கிறது என்று படியுங்கள். கிளம்பும் முன் பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளந்துவிடுங்கள். 60 வயது தாண்டியவர்களின் அடையாள அட்டை அசல் கையில் இருக்கட்டும். லாட்ஜ் எண்ணைத் தேடிப் பிடித்து, உங்கள் பெயரில் எவ்வளவு கட்டியிருக்கிறது, இன்னும் எவ்வளவு பாக்கி என்று நேரடியாகக் கேளுங்கள்.

செலவைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. சனி, ஞாயிறைவிட வார நாளில் டிக்கெட் விலை குறைவு, வரிசையும் குறைவு. பெங்களூரிலிருந்து மைசூர் போகும் பாசஞ்சர் ரயில்கள் பிடதியில் நிற்கும். மெட்ரோவில் சல்லகட்டா வரை போய் அங்கிருந்து மைசூர் சாலையில் பஸ் பிடிக்கலாம். தண்ணீர் விளையாட்டுக்குக் காட்டன் துணியில் விடமாட்டார்கள், நைலான் அல்லது பாலியஸ்டர் உடை வேண்டும். வீட்டிலிருந்தே எடுத்துப் போனால் அங்கே அந்தச் செலவு மிச்சம். இவ்வளவையும் நாங்களே பார்த்துச் செய்திருந்தால் கட்டிய 14,995-க்குள் முடிந்து, கையில் கொஞ்சம் மிஞ்சியும் இருக்கும்.

பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அந்தக் கணக்கை விட்டு வெளியேறும் முன் சொன்னால்தான் முடக்க முடியும். நாங்கள் மூன்று நாள் கழித்து அழைத்தோம், அதற்குள் கணக்கு காலி. பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு, நுகர்வோர் வழக்குகளை ஆன்லைனில் பதியும் அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் மனு தயார் செய்துகொண்டிருக்கிறோம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

சேலம், நாமக்கல், தர்மபுரி பக்கம் இதே 2,999 படத்தைப் பார்த்துப் பணம் கட்டியவர்கள் இருந்தால், வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். பணம் போன ரசீது, டிக்கெட் பிடிஎஃப், லாட்ஜ் பில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு நீங்களும் உங்கள் பெயரில் புகார் கொடுங்கள். எங்கள் ஒரு குடும்பத்தின் புகாரை மட்டும் பார்த்தால் ஏதோ கணக்குத் தகராறு போலத்தான் தெரிகிறது. இதே படம், இதே ஸ்டூடன்ட் டிக்கெட் என்று இன்னும் பத்துப் பேர் எழுதிக் கொடுத்தால் அப்படிச் சொல்ல முடியாது.