கல்லீரல் கிழிந்தால்: கண்காணிப்பா, ரத்தக்குழாய் அடைப்பா, அறுவையா?

பைக் விபத்தில் கல்லீரல் கிழிந்தவரை ஐசியுவில் வைத்துக் கவனித்துக்கொண்டே இருந்தால், "ஏன் இன்னும் ஆபரேஷன் செய்யவில்லை?" என்று உறவினர்கள் பதறுவது இயல்பு. ஒரு காலத்தில் மருத்துவர்களும் உடனே வயிற்றைத் திறந்தார்கள். திறந்து பார்த்தால் பலருக்கு ரத்தக்கசிவு தானாகவே நின்றிருக்கும். சிடி ஸ்கேன் பரவலான பிறகு அந்த வழக்கம் மாறியது.

இன்று மூன்று வழிகள் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஸ்கேனில் தெரியும் கிழிசலின் அளவைவிட, நோயாளியின் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்புமே அதிகம் தீர்மானிக்கின்றன. நான்காம் நிலை எனப்படும் கடுமையான காயமாக இருந்தாலும், அழுத்தம் நிலையாக இருந்து, வயிற்றில் வேறு உறுப்பு கிழியாவிட்டால், கத்தி வைக்காமல் கண்காணிக்கலாம். என் கணிப்பில் இதுதான் சிறந்த வழி. ஆனால் இரவிலும் ரத்த வங்கி, அறுவை அரங்கு, அறுவை மருத்துவர் மூன்றும் தயாராக இருக்கும் இடத்தில் மட்டும். அவை இல்லையென்றால், நோயாளி நிலையாக இருக்கும்போதே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும்.

ஸ்கேனுக்காக ரத்தத்தில் செலுத்திய சாய மருந்து தமனியிலிருந்து கசிவது தெரிந்தால், தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அந்தத் தமனியை அடைக்கலாம். வயிற்றைத் திறக்க வேண்டாம் என்பது பெரிய லாபம். ஆனால் கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு, குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. சிரையிலிருந்து கசிந்தால் இந்த முறை உதவாது. அடைத்த பிறகு கல்லீரலின் ஒரு பகுதியோ பித்தப்பையோ அழுகிப்போகும் அபாயமும் உண்டு.

ரத்தம் ஏற்றியும் அழுத்தம் தேறவில்லை, படுக்கையருகே எடுத்த அல்ட்ராசவுண்டில் வயிற்றில் ரத்தம் தெரிகிறது என்றால், சிடிக்குக்கூட நேரமில்லை. நேராக அறுவை அரங்குதான். அங்கேயும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தைத்து முடிக்கப் பார்ப்பது ஆபத்து. உடல் குளிர்ந்து, ரத்தத்தில் அமிலம் கூடி, உறையும் தன்மையும் போய்விட்டால் தையலால் பயனில்லை. கல்லீரலைச் சுற்றித் மாப் எனப்படும் அறுவைத் துணிகளை வைத்து அழுத்தி, வயிற்றைத் தற்காலிகமாக மூடி, ஐசியுவில் உடலைச் சூடாக்கித் தேற்றி, பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் மீண்டும் திறந்து அவற்றை எடுப்பார்கள். கல்லீரலுக்குள் நுழையும் ரத்தக்குழாய்களை மொத்தமாக இறுக்கிப் பிடிக்கும் முறையை கிளாஸ்கோவின் அறுவை மருத்துவர் பிரிங்கிள் 1908-இல் எழுதினார். அப்படிப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டால், கல்லீரலின் பின்னாலுள்ள பெரிய சிரை கிழிந்திருக்கக்கூடும். எல்லாவற்றிலும் மிகக் கடினமான நிலைமை அதுதான்.

எந்த வழியில் பிழைத்தாலும், வீடு திரும்பிய பிறகு காய்ச்சல், மஞ்சள் காமாலை, கருப்பு மலம், ரத்த வாந்தி இவற்றில் ஏதாவது வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும். சில வாரங்கள் கழித்தும் உள்ளே ரத்தம் கசியலாம்.