40 ஸ்விட்ச், 3 வழி: க்யூஓஎஸ் வேலையை எதனிடம் ஒப்படைப்பது?

ஒரு ஜிகாபிட் அப்லிங்க் (ஒரு ஸ்விட்சை இன்னொன்றோடு இணைக்கும் லிங்க்). கண்காணிப்பு வரைபடத்தில் பயன்பாடு 20 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. ஆனாலும் ஐபி போனில் குரல் விட்டு விட்டுத்தான் வருகிறது. "லிங்க் காலியாகத்தானே கிடக்கிறது, க்யூஓஎஸ் எதற்கு?" என்ற கேள்வி இந்த இடத்தில்தான் எழும். க்யூஓஎஸ் என்பது, எந்தப் பாக்கெட்டை முதலில் அனுப்புவது என்று ஸ்விட்சுக்குச் சொல்லும் ஏற்பாடு. கணக்கும் அதற்குச் சாதகமாகவே இருக்கும். ஜி.711 (குரலை எண்ணாக மாற்றும் ஒரு முறை) அழைப்பு ஒன்று நொடிக்கு 50 பாக்கெட் அனுப்பும், ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல். ஐபி, யுடிபி, ஆர்டிபி ஹெடர்களைச் சேர்த்தாலும் 80 கிலோபிட்தான். 100 பேர் ஒரே நேரத்தில் பேசினால் 8 மெகாபிட்.

ஆனால் நெரிசல் சில மில்லிநொடிகளில் வந்துபோய்விடும். ஐந்து நிமிடச் சராசரியில் அது தெரியாது. பேக்கப் சர்வர் ஒரே மூச்சில் கொட்டும் பாக்கெட்டுகள் பஃபரை (ஸ்விட்சில் பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடத்தை) நிரப்பிவிட, அந்த நேரத்தில் வந்த குரல் பாக்கெட் தூக்கி எறியப்படும். முன்னுரிமை க்யூ இருப்பது அந்தச் சில மில்லிநொடிகளுக்காகத்தான்.

ஒரு ஸ்விட்ச் என்றால் கையாலேயே அமைத்துவிடலாம். 40 ஸ்விட்ச் என்றால், மூன்றாம் நாள் யாரோ ஒரு போர்ட்டை மாற்றுவார்கள், ஆறாம் மாதம் எந்த இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. தானியங்கியாகச் செய்ய மூன்று வழிகள் உண்டு: ஸ்விட்சுக்குள்ளேயே இருக்கும் ஆட்டோ க்யூஓஎஸ், வெளியிலிருந்து கட்டளைகளை அனுப்பும் அன்சிபிள் என்ற கருவி, எல்லா ஸ்விட்சையும் மேலே உட்கார்ந்து ஆளும் கன்ட்ரோலர். சிஸ்கோவின் பழைய கேட்டலிஸ்ட் 2960 பாதி, புதிய 9000 வரிசை கொஞ்சம், மூலையில் வேறு நிறுவனத்தின் ஸ்விட்ச் இரண்டு மூன்று என்று கலந்து கிடக்கும் வளாகத்தை மனத்தில் வைத்தே ஒப்பிடுகிறேன்.

முதலில் ஆட்டோ க்யூஓஎஸ். போர்ட்டில் 'ஆட்டோ க்யூஓஎஸ் வாய்ப் சிஸ்கோ-போன்' என்று ஒரு வரி அடித்தால் போதும், பின்னால் ஒரு பட்டியலே தானாக இறங்கும். அந்த வசதிதான் ஆபத்தும். 2960, 3560, 3750 வரிசைகளில் முதல் போர்ட்டில் இதை அடித்த உடனேயே முழு ஸ்விட்சுக்கும் க்யூஓஎஸ் இயங்கத் தொடங்கிவிடும். அதன்பின் எந்தப் போர்ட்டில் டிரஸ்ட் (வரும் பாக்கெட்டின் அடையாளத்தை நம்பு என்ற கட்டளை) சொல்லவில்லையோ, அங்கே உள்ளே வரும் பாக்கெட்டின் டிஎஸ்சிபி (முன்னுரிமையைச் சொல்லும் ஹெடர் எண்) 0 ஆக மாற்றப்படும். அதாவது போன் போர்ட்டில் மட்டும் போட்டுவிட்டு அப்லிங்கை மறந்தால், எதிர்ப்பக்கத்திலிருந்து 46 என்ற டிஎஸ்சிபி மார்க்கிங்கோடு வரும் குரல், அப்லிங்க் வழியாக நுழையும்போதே அடையாளத்தை இழந்து சாதாரணப் பாக்கெட்டாகிவிடும். ஒரு அலுவலகத்தில் நானே இதைச் செய்து, போன் சர்வர் மீது சந்தேகப்பட்டு இரண்டு நாள் வீணாக்கினேன். போனிலிருந்து போகும் குரல் நன்றாக, வரும் குரல் மட்டும் மோசமாக இருந்ததை அப்போதே யோசித்திருந்தால் பதில் கண்ணெதிரே இருந்தது.

இன்னொரு சங்கடம், திரும்பிப் போவது. போர்ட்டில் 'நோ' போட்டு எடுத்தாலும், முழு ஸ்விட்சுக்கும் இறங்கிய வரிகள் அப்படியே தங்கிவிடும். போதாக்குறைக்கு, 'சிஸ்கோ-போன்' என்ற அந்த வகை, எதிரே போன் இருக்கிறதா என்று சிடிபி (சிஸ்கோ கருவிகள் தம்மை அறிவித்துக்கொள்ளும் நெறிமுறை) மூலம் பார்த்துத்தான் டிரஸ்ட் கொடுக்கும். சிடிபி பேசாத வேறு நிறுவனப் போனை மாட்டினால் அந்தப் போர்ட்டில் மார்க்கிங் மதிக்கப்படாது. சரி, அதற்காக ஆட்டோ க்யூஓஎஸ்ஸைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒரே வகை ஸ்விட்ச் ஐந்தாறு, போன் எல்லாம் சிஸ்கோ என்றால் இதுவே போதும். அப்புறம், இது நல்ல வாத்தியாரும்கூட. சோதனை ஸ்விட்ச் ஒன்றில் ஓடவிட்டு, இறங்கிய வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தால் நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

அன்சிபிளுக்கு ஸ்விட்சில் எந்த ஏஜென்ட் மென்பொருளும் வேண்டாம், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்ளே நுழையும் வழி) இருந்தால் போதும். கலப்பு வளாகத்துக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், பழைய 2960-இன் 'எம்எல்எஸ் க்யூஓஎஸ்' கட்டளைகள் 9000 வரிசையில் கிடையாது. அங்கே எல்லாம் கிளாஸ்-மேப் (பாக்கெட்டை வகை பிரிப்பது), பாலிசி-மேப் (ஒவ்வொரு வகையையும் என்ன செய்வது என்பது). டிரஸ்ட்டும் தலைகீழ்: புதியதில் போர்ட் தானாகவே மார்க்கிங்கை நம்பும். எனவே நோக்கத்தை ஒரே இடத்தில் எழுதி (குரலுக்கு 46, வீடியோவுக்கு 34, மற்றது 0), ஒவ்வொரு வகைக்கும் ஒரு டெம்ப்ளேட் வைத்தால், மாற்றம் வரும்போது ஓரிடத்தில் திருத்தினால் போதும். கோப்புகள் கிட்டில் (மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கருவி) இருந்தால் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது நிரந்தரமாக நிற்கும். அன்சிபிளில் செக், டிஃப் என்ற இரண்டு தேர்வுகளையும் கொடுத்து ஓட்டினால், எதையும் தொடாமலே என்ன மாறப்போகிறது என்று காட்டும். இந்த ஒரு வசதிக்காகவே நான் இந்தப் பக்கம் சாய்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. சிஸ்கோ ஸ்விட்சுகளுக்கான அன்சிபிளின் ஐஓஎஸ் கன்ஃபிக் மாட்யூல், ஸ்விட்சில் ஓடும் கன்ஃபிகரேஷனோடு வரிக்கு வரி எழுத்தை ஒப்பிடும். இன்டர்ஃபேஸ் பெயரைச் சுருக்கி எழுதினால், மாற்றமே இல்லாதபோதும் ஒவ்வொரு முறையும் 'மாறியது' என்றே சொல்லும். அதைவிடப் பெரியது: நீங்கள் எழுதியதைச் சேர்க்கும், எழுதாத பழையதை நீக்காது. டெம்ப்ளேட்டிலிருந்து ஒரு கிளாஸை எடுத்துவிட்டால் ஸ்விட்சில் அது அப்படியே கிடக்கும். நீக்குவதற்கான 'நோ' வரியை நீங்கள்தான் எழுத வேண்டும். திரும்பிவரும் வழியையும் முதலிலேயே போட்டுவையுங்கள். ஜூனிப்பரில் 'கமிட் கன்ஃபர்ம்ட்' கொடுத்துவிட்டு மீண்டும் உறுதி செய்யாவிட்டால் 10 நிமிடத்தில் பழைய நிலைக்குத் தானே திரும்பும். சிஸ்கோவில் ஆர்க்கைவ் (பழைய கன்ஃபிகரேஷனின் நகல்) அமைத்துவிட்டு, அதேபோல் திரும்ப வைக்கும் ரிவர்ட் டைமரைப் பயன்படுத்தலாம்.

கன்ட்ரோலர் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2023 வரை டிஎன்ஏ சென்டர் என்ற பெயரில் இருந்த, சிஸ்கோவின் கன்ட்ரோலரான கேட்டலிஸ்ட் சென்டரில், செயலிகளை மூன்று கூடையில் போட்டால் போதும்: தொழிலுக்குத் தேவை, பொதுவானது, தேவையற்றது. ஸ்விட்ச் வகைக்கேற்ற கட்டளைகளை அதுவே உருவாக்கும். நெட்வொர்க் ஆள் ஒருவர்தான், ஸ்விட்ச் நூற்றுக்கணக்கில், எல்லாம் ஒரே நிறுவனம் என்றால் இதற்கு நிகரில்லை. நம் கலப்பு வளாகத்தில் அந்த மூலை ஸ்விட்சுகள் வெளியே நிற்கும். க்யூஓஎஸ்ஸுக்காக மட்டும் லைசென்ஸ் வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

மூன்றில் எதை எடுத்தாலும் ஒரு முடிவை எந்தக் கருவியும் உங்களுக்காக எடுக்காது: யாருடைய மார்க்கிங்கை நம்புவது? எல்லாப் போர்ட்டிலும் கண்ணை மூடி நம்பினால், எந்தக் கம்ப்யூட்டரும் தன் டவுன்லோடுக்கு 46 போட்டு முன்னுரிமை க்யூவில் நுழையலாம். போன்களுக்கு எல்எல்டிபி-மெட் (ஸ்விட்சும் போனும் பேசிக்கொள்ளும் பொது நெறிமுறை) நல்ல துணை. விலான் (நெட்வொர்க்கின் உட்பிரிவு) எண், முன்னுரிமை, டிஎஸ்சிபி மூன்றையும் ஸ்விட்சே போனுக்குச் சொல்லிவிடும், நிறுவனம் எதுவானாலும் சரி. கம்ப்யூட்டரில் ஓடும் மைக்ரோசாஃப்ட் டீம்ஸுக்கு, அதன் ஆடியோ 50000 முதல் 50019 வரையுள்ள யுடிபி போர்ட் எண்களிலிருந்து வரும்படி அமைத்துவிட்டு, அதைக் கொண்டு ஸ்விட்சிலேயே வகைப்படுத்துவேன்.

எல்லாம் முடிந்ததும் ஒரு அழைப்பைப் போட்டு, பேசிக்கொண்டே கவுன்டர்களைப் பாருங்கள். பழையதில் 'ஷோ எம்எல்எஸ் க்யூஓஎஸ் இன்டர்ஃபேஸ்' ஸ்டாட்டிஸ்டிக்ஸ், புதியதில் 'ஷோ பாலிசி-மேப் இன்டர்ஃபேஸ்'. 46-க்கு நேரே உள்ள எண் நொடிக்கு ஏறத்தாழ 50 வீதம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால், போன் மாட்டிய போர்ட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஸ்விட்சாக நடந்து போங்கள். எந்தப் போர்ட்டில் அது 0 ஆகிறதோ, திருத்த வேண்டிய டெம்ப்ளேட் அதனுடையதுதான்.