வீட்டுப் பழக்கங்களில் எதற்கு எடை அதிகம்?

பருவநிலை மாற்றத்துக்கு எதிராக வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டால், கடைக்குத் துணிப்பை கொண்டுபோவது, வீணாக எரியும் விளக்கை அணைப்பது என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இரண்டும் நல்ல பழக்கங்கள். ஆனால் ஒரு பழக்கத்தின் பலனுக்கும் இன்னொன்றின் பலனுக்கும் இடையே பல மடங்கு வித்தியாசம் இருக்கிறது. அதனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன். அடிப்படை அளவுகள் இவை: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு, ஒரு கிலோ சமையல் எரிவாயுவுக்கு 3 கிலோ, இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ.

முதலில் பை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. சாக்கடை அடைப்பும், மாடுகள் பிளாஸ்டிக்கைத் தின்பதும் குறைய இதைவிட நல்ல வழி இல்லை. புவி வெப்பமாவதைப் பொறுத்தவரை மட்டும் இதன் பங்கு சிறியது. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒருமுறை பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையை முந்த, ஒரு பருத்திப் பை 131 தடவையாவது உழைக்க வேண்டும். ஆகவே விசேஷத்துக்கு விசேஷம் புதுப் பை வாங்கிச் சேர்க்காமல், இருப்பதையே கிழியும்வரை பயன்படுத்துவதில்தான் பலன்.

அடுத்து, வேலைக்குப் போய்வருவது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பைக்கில் தனியாகப் போனால் கிலோமீட்டருக்கு 46 கிராம். லிட்டருக்கு 15 ஓடும் காரில் தனி ஆளாகப் போனால் 150 கிராமுக்கு மேல். நாற்பது பேர் ஏறிய டவுன் பஸ்ஸில் ஓர் ஆளுக்கு 15 கிராம் சுமாருக்கு வரும். பைக்கில் இரண்டு பேராகப் போனால் ஆளுக்கு 23 கிராம். பஸ் கணக்குக்கும் அதற்கும் அவ்வளவு தூரமில்லை. பஸ் வசதி இல்லாத தடத்தில் பக்கத்து வீட்டுக்காரரைப் பின்னால் ஏற்றிக்கொள்வதே பெரிய சேமிப்பு. மின் ஸ்கூட்டர், நிலக்கரி மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றினாலும்கூட, பெட்ரோல் வண்டியில் பாதி அளவுக்கே வெளியிடுகிறது.

சமையலில் கணக்கு வேறு மாதிரி. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து முடிந்தால் ஏறக்குறைய 42 கிலோ கரியமில வாயு. அதே சமையலை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்ய 125 யூனிட்டாவது ஆகும். இன்றைய மின்கட்டமைப்பில் அது 90 கிலோவுக்கு அருகில் போகிறது, அதாவது இரு மடங்கு. கூரையில் சூரியத் தகடு இருந்து, பகல் சமையலை அதில் முடிப்பவர்களுக்கு இண்டக்‌ஷன்தான் சரி. ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு நான்கு யூனிட் வரை தரும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் கிடைக்கிறது. மற்றவர்கள் அவசரப்பட்டுக் கேஸ் அடுப்பைத் தூக்கிப்போட வேண்டாம். பருப்பையும் கொண்டைக்கடலையையும் ஊறவைத்துக் குக்கரில் வேகவைத்தாலே சிலிண்டர் கூடுதல் நாள் வரும்.

மின்சாரம் பயன்படுத்தும் நேரமும் முக்கியம். கிரைண்டர், வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றை நண்பகலில் ஓட்டினால் கட்டமைப்பில் சூரிய மின்சாரம் நிறைய இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு ஓட்டினால் பெரும்பாலும் நிலக்கரிதான்.

ஞாயிற்றுக்கிழமைக் கறியைப் பற்றிச் சுருக்கமாக: உலகச் சராசரியில் ஒரு கிலோ ஆட்டுக்கறிக்கு 40 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான அளவும், கோழிக்கு 10 கிலோ அளவும் கணக்கிடப்பட்டிருக்கிறது. மேய்ச்சல் ஆட்டுக்கு இது மாறலாம். ஆனால் அசைபோடும் எந்த ஆடும் மீத்தேனை வெளியிடத்தான் செய்யும். மாதத்தில் இரண்டு வாரம் ஆட்டுக்குப் பதில் கோழி எடுப்பது எந்தத் துணிப்பையையும்விடக் கனமான முடிவு.

என் பார்வையில் நகரத்து நடுத்தர வீட்டில் முதலிடம் ஏசிக்குத்தான். மின்விசிறி ஓர் இரவுக்கு 0.6 யூனிட் எடுக்கும். மின்சாரம் குறைவாக எடுக்கும் பிஎல்டிசி மோட்டார் வகை என்றால் அதில் பாதிகூட ஆகாது. ஒன்றரை டன் ஏசி எட்டு மணி நேரத்துக்கு எட்டு யூனிட் அளவில் இழுக்கும். கத்திரி வெயிலில் வயதானவர்களும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டில் ஏசியே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. 20இல் வைத்துப் போர்வை போர்த்துவதற்கும், 25இல் வைத்து மின்விசிறியைச் சுழலவிடுவதற்கும் உள்ள தேர்வைப் பற்றித்தான் பேசுகிறேன். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் முகமை. ஐந்து டிகிரிக்கு எட்டில் இரண்டு யூனிட் மிச்சம், அதாவது 1.4 கிலோ. இருபது கிலோமீட்டர் பைக் ஓட்டாமல் இருந்தால் மிச்சமாவது 0.9 கிலோதான்.

இதைவிடப் பெரியது ஏசிக்குள் இருக்கும் குளிர்விக்கும் வாயு. ஆர்-410ஏ என்ற வாயு கரியமில வாயுவைப் போல 2,000 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கக்கூடியது. ஆர்-32க்கு 675 மடங்கு. ஒரு கிலோ ஆர்-410ஏ கசிந்தால் இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம். மூன்று மாதக் கோடை முழுக்கத் தினமும் எட்டு மணி நேரம் ஓடும் ஏசியின் மின்சாரக் கணக்கு அரை டன்னைத்தான் தாண்டும். ஒரே கசிவு ஏறக்குறைய நான்கு கோடையின் மின்சாரக் கணக்குக்குச் சமம்.

ஆகவே புது ஏசி வாங்கும்போது ஸ்டார் எண்ணிக்கையோடு வாயுவின் பெயரையும் பாருங்கள். வெப்பத்தை மிகக் குறைவாகவே பிடித்துவைக்கும் ஆர்-290 (புரொப்பேன்) கிடைத்தால் மிக நல்லது, இல்லையென்றால் ஆர்-32. வருடா வருடம் ‘கேஸ் ஃபில்’ செய்யச் சொல்லும் மெக்கானிக்கிடம், முதலில் கசிவைக் கண்டுபிடித்து அடைத்துத் தரும்படி கேளுங்கள். வீடு மாற்றும்போது ஏசியைக் கழற்றுகிறவர் குழாயைத் திறந்து வாயுவை வெளியே விடாமல், ‘பம்ப் டவுன்’ செய்து வெளி யூனிட்டுக்குள் அடைத்த பிறகே கழற்ற வேண்டும். அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாகும். அதுவரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.