ஹாலில் டி.வி., அறையில் தூக்கம்: மூன்று ஆண்டு அனுபவம்

என் மனைவி செவிலியர். இரவுப் பணி முடிந்து காலை ஒன்பது மணிக்கு வந்து படுப்பார். ஹாலில் அப்பாவின் டி.வி. ஓடுவதும் அதே நேரத்தில்தான். அவருக்குக் காது மந்தம். ஹெட்போன் வாங்கிக் கொடுத்தோம்; ஆனால் பேத்தியிடம் பேசிக்கொண்டே பார்த்தால்தான் அவருக்கு டி.வி. பார்த்த நிறைவு. ஒலியைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனவே வீட்டில்தான் சில மாற்றங்கள் செய்தோம். அவற்றில் எது இன்றும் உழைக்கிறது என்பதை எழுதுகிறேன்.

சென்னை அடுக்ககங்களில் பல உட்சுவர்கள் நாலரை அங்குலம்தான். எங்களுடையதும் அப்படியே. சத்தம் என்றதும் எல்லோரும் சுவரைத்தான் குறை சொல்வார்கள். இரு பக்கமும் பூசிய அந்தச் சுவர் ஏறக்குறைய 40 டெசிபல் (சத்தத்தின் அளவு) தடுத்துவிடும். ஓட்டை கதவில் இருக்கிறது. எங்கள் கதவுக்கும் தரைக்கும் நடுவே அரை அங்குல இடைவெளி. மூன்றடி அகலம், ஏழடி உயரக் கதவில் அது நூற்றில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மீதியை எவ்வளவு கனமாகச் செய்தாலும் தடுப்பு 20 டெசிபலோடு நின்றுவிடும். பத்து டெசிபல் குறைந்தால் நம் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல இருக்கும் என்பதால், இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

இரவில் ஹால் விளக்கை அணைத்துவிட்டு, அறைக்குள் ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் சத்தமும் கசியும். எங்களுக்குக் கதவடியில் மட்டுமல்லாமல், கீல் பக்கத்திலும் ஒரு நீளக் கோடு தெரிந்தது.

தட்டினால் உள்ளே வெற்றிடம் என்று சொல்லும் பழைய கதவை எடுத்துவிட்டு, உள்ளே கட்டை நிறைந்த 35 மி.மீ. ஃப்ளஷ் கதவு போட்டோம். அடியில், கதவை மூடும்போது தானாக இறங்கித் தரையைத் தொடும் பட்டையை ஆசாரி பொருத்தினார். கீல் பக்கம் கதவு நிலையில் முட்டும் சிறு பொத்தான்தான் அதை இறக்குகிறது. தூசியும் தலைமுடியும் சேர்ந்தால் பட்டை பாதியில் நின்றுவிடும். அவ்வப்போது துடைத்து, பொத்தானின் திருகைச் சற்று வெளியே எடுத்தால் போதும். நிலையைச் சுற்றி முதலில் ஒட்டிய பஞ்சுப் பட்டை ஒரு வருடத்திற்குள் தட்டையாகிவிட்டது. பிறகு ஒட்டிய கெட்டி ரப்பர் பட்டை இன்றும் அழுத்தினால் மீள்கிறது. விலை வித்தியாசத்தைப் பார்க்காமல் ரப்பரையே வாங்குங்கள். மழைக்காலத்தில் மட்டும் கதவு உப்பி இறுகும்.

ஹாலின் சுவிட்ச் பெட்டியும் அறையின் சுவிட்ச் பெட்டியும் ஒரே இடத்தில் முதுகோடு முதுகாக இருந்தன. நடுவே பூச்சுகூட இல்லை. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் ஒன்றைத் தள்ளி வைத்தார். பழைய குழியைக் கொத்தனார் செங்கல் துண்டும் சிமெண்டும் வைத்து அடைத்தார். செலவு சொற்பம், பலன் அன்றைக்கே தெரிந்தது.

இவ்வளவுக்குப் பிறகே சுவரைத் தொட்டோம். பழைய சுவரில் படாமல் தனிச் சட்டம் நிறுத்தி, உள்ளே 50 மி.மீ. ராக்வுல் என்னும் கல் இழைப் பஞ்சு, மேலே இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை, ஓரமெல்லாம் இடுக்கை அடைக்கும் சீலன்ட் பசை. சட்டம் சுவரைத் தொட்டால் அதிர்வு அப்படியே கடந்துவிடும் என்பதால் வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நின்றேன். அறையில் நாலு அங்குலம் போயிற்று. கதவுக்கு ஆனதைப்போலப் பல மடங்கு செலவு. இன்று செய்தி வாசிப்பவரின் குரல் கேட்கிறது, சொற்கள் புரியவில்லை. தூங்க அது போதும் என்கிறார் மனைவி.

மிக்ஸி சத்தம் மட்டும் முழுமையாகப் போகவில்லை. அது காற்றில் வருவதோடு மேடை வழியாகச் சுவருக்கும் ஏறுகிறது. அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டு, அந்தச் சுவரை ஒட்டாத மேடைக்கு மாற்றியதில் ஓரளவு தணிந்தது.

கடைகளில் சுவரில் ஒட்டச் சொல்லும் கூம்பு வடிவ நுரைப் பலகையை வாங்காதீர்கள். அது அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் உறிஞ்சும்; பக்கத்து அறைச் சத்தத்தைத் தடுக்கும் கனம் அதற்கு இல்லை. எளிதில் தீப்பிடிக்கும் மலிவு ரகங்களும் விற்கிறார்கள்.

கதவை இப்படி அடைத்தால் அறையில் காற்றோட்டம் குறையும். வழக்கமான ஸ்பிலிட் ஏசி உள்காற்றையே சுற்றவிடும். தெருப்பக்கம் இல்லாத சன்னலைச் சற்றுத் திறந்து வைக்கிறோம். உங்கள் அறையில் அப்படி ஒரு சன்னல் இல்லையென்றால், கதவடியை அடைப்பதற்கு முன்பே வெளிச்சுவரில் காற்றுக்கு வழி செய்துகொள்ளுங்கள்.